எல்லாம் லிங்க்கில் இருக்கிறது

போன வருடம் ஏற்காட்டில், ஒண்டிக்கடை என்ற இடத்துக்குப் பக்கம் ஒரு காபித்தூள் கடையில் நடந்தது இது. குடும்பத்தோடு சுற்றிப் பார்க்கப் போயிருந்தோம். தூள் நிறுத்துக் கொடுத்த பெண் என்னைப் பார்த்ததும், "சார், நீங்க லைப்ரரி சார் தானுங்களே?" என்றாள். எனக்கு அடையாளம் தெரியவில்லை. அவள் சொல்லச் சொல்லத்தான் ஞாபகம் வந்தது.

நான் ஒரு பல்கலைக்கழக நூலகத்தில் வேலை பார்க்கிறேன். முதுகலையில் புதிதாகச் சேருகிறவர்களுக்கு ஆரம்பத்திலேயே ஒருநாள் வகுப்பு எடுப்பேன். கட்டுரையில் அடுத்தவர் வரிகளை எடுத்தால் மேற்கோள் குறி போட வேண்டும், எந்தப் புத்தகம் என்று சொல்ல வேண்டும். அதுதான் முதல் பாடம். மலைப்பாதையில் மரம் விழுந்து பஸ் வராததால், செம்மநத்தம் என்ற மலைக்கிராமத்திலிருந்து வரும் இவள், சேர்ந்த வருடம் அந்த வகுப்புக்கு வரவில்லை. மறுநாள் வந்து, மறுபடி எப்போது நடத்துவீர்கள் என்று கேட்டாள். எனக்கோ தலைக்கு மேல் வேலை. "எல்லாம் வீடியோவா இருக்கும்மா, லிங்க் அனுப்பியாச்சு, ஊட்டுக்குப் போய்ப் பாரு" என்றேன். "சரிங்க" என்றவள் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போனாள். அங்கே சும்மா கிடந்த கம்ப்யூட்டரில் உட்கார்ந்து பார் என்று சொல்லக்கூட எனக்குத் தோன்றவில்லை.

அவள் வீட்டில் சிக்னலே கிடையாதாம். முதல் கட்டுரையைப் புத்தகத்தில் இருந்தபடியே, ஒரு எழுத்து பிசகாமல், அழகாக எழுதிக் கொடுத்திருக்கிறாள். பள்ளியிலும் கல்லூரியிலும் அப்படி எழுதித்தான் முழு மதிப்பெண் வாங்கியவள். ஆசிரியர் அதை வகுப்பு நடுவே தூக்கிக் காட்டி, இது திருட்டு என்று சொல்லிவிட்டார். அதோடு படிப்பை விட்டுவிட்டாள்.

"ஏம்மா, எங்கிட்டயாவது வந்திருக்கலாமே?" என்று கேட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டேன். வந்தவளைத்தானே திருப்பி அனுப்பினேன்!

உன் ஆசிரியரிடம் நான் பேசிப் பார்க்கிறேன், திரும்பி வா என்று கெஞ்சாத குறையாகச் சொன்னேன். அவள் பொட்டலத்தைக் கட்டிக்கொண்டே சொன்னாள்: "நொம்ப சந்தோசமுங்க. ஆனா திருடின்னு பேரு வாங்குன எடத்துக்கு மறுபடி எப்படிங்க போறது? ஊட்ல, படிப்பு புடிக்கலைன்னு தான் சொல்லி வெச்சிருக்கேனுங்க."

மலை இறங்கும் வரை எனக்கு வெட்கமாக இருந்தது.

இப்போதெல்லாம் வகுப்புக்கு வராதவர் ஒரே ஒருவர் என்றாலும், பக்கத்தில் உட்கார வைத்து அந்த முதல் பாடத்தைச் சொல்லிக் கொடுத்துவிடுகிறேன். பத்து நிமிடம்கூட ஆவதில்லை. அன்று அவளுக்கும் அவ்வளவுதான் ஆகியிருக்கும்.