தழுவிவிட்டு அடிப்பவள்

எங்கள் மலையூரான கச்சோராவிலேயே சமாதானமான மனுஷி யார் என்று கேட்டால் பாதிப் பேர் பாஸிலியாவைத்தான் சொல்வார்கள். அப்படிச் சொல்கிறவர்களில் ஒருத்திக்கு அவளால் இரண்டு பல் போயிருக்கிறது. அவள்தான் மற்றவர்களைவிட உறுதியாகச் சொல்வாள்.

பாஸிலியா பிறந்தது சும்பிவில்காஸில். அங்கே வருஷம் முழுக்கச் சேர்த்துவைத்த பகையை எல்லாம் கிறிஸ்துமஸ் அன்று ஊர் நடுவில் கை முஷ்டியால் தீர்த்துக்கொள்வார்கள். முதலில் தழுவ வேண்டும், பிறகு அடிக்க வேண்டும், பிறகு மறுபடியும் தழுவ வேண்டும். இரண்டாவது தழுவலோடு விவகாரம் முடிந்தது. அதற்கு மேல் அதைப் பற்றி யாரும் வாய் திறக்கக் கூடாது. இதற்குத் தாகானாகுய் என்று பெயர். கச்சோராக்காரர்களான நாங்கள் அப்படி இல்லை. கை ஓங்க மாட்டோம். முகத்தைத் திருப்பிக்கொண்டு இருபது வருஷம் பேசாமல் இருப்போம். இதை நாகரிகம் என்றும் நம்புகிறோம்.

பாஸிலியா கழுதைக்காரன் ஒருவனைக் கட்டிக்கொண்டு எங்கள் ஊருக்கு வந்தாள். அவன் நெஞ்சு வலியில் போனான். அவன் விட்டுப்போன கறுப்புக் கோவேறு கழுதையைப் பிடித்துக்கொண்டு அவளே மலையேறினாள். அதற்கு 'வியூதா' என்று பெயர். விதவை என்று அர்த்தம். பெயர் வைத்தவன் அவள் புருஷன்தான், உயிரோடு இருக்கும்போதே.

சோக்கேகிராவ் இடிபாடுகளுக்குப் போகிறவர்கள் எங்கள் ஊரிலிருந்துதான் கிளம்ப வேண்டும். அபுரிமாக் ஆறு வரை முழங்கால் கழன்றுவிடுகிற இறக்கம், பாலத்தைத் தாண்டினால் நெஞ்சு வெடிக்கிற ஏற்றம். மூட்டை சுமக்கக் கழுதைகள் முறை வைத்துப் போகும். அந்த முறையைப் பார்த்துக்கொள்பவன் ஹிலாரியோ. அவன் மனைவி பிரிமித்திவாவும் பாஸிலியாவும் கொமாத்ரேக்கள். அதாவது, பிரிமித்திவாவின் ஐந்து வயது மகளுக்கு ஞானத்தாய் பாஸிலியா. ஒருத்தி வீட்டு அடுப்பில் இன்னொருத்தியின் உருளைக்கிழங்கு வேகும்.

அந்த ஆகஸ்டில் எசேக்கியேல் என்று ஓர் அர்ஜென்டினாக்காரன் வந்தான். சிக்கனப் பயணி. பழைய ரொட்டியும் யாரோ கொடுத்த கூடாரமுமாகப் பாதிக் கண்டத்தை நடந்தே கடந்தவன். கழுதை வைத்துக்கொள்ள மறுத்துவிட்டான். காசும் இல்லை, விலங்குகளை வதைப்பதில் நம்பிக்கையும் இல்லை. பாலத்துக்கு மேலே, ஏற்றத்தில் அவன் முழங்கால் கைவிட்டது. மேலே மரம்பாட்டா கிராமத்துக் கடைக்கு மாவும் பீரும் ஏற்றிக்கொண்டு பின்னால் வந்த பாஸிலியா, கேட்காமலேயே அவன் மூட்டையை வியூதாவின் முதுகில் கட்டினாள்.

அடுத்த வளைவில் ஹிலாரியோ தன் கழுதைகளோடு இறங்கி வந்தான்.

"யாரு முறையில யாரு மூட்டையை ஏத்துறது?" என்றான்.

"முறையாவது ஒண்ணாவது. சும்மாதான் தூக்கிட்டுப் போறேன். பையன் நடக்க முடியாம கெடந்தான்."

"சும்மாவா? இன்னைக்கு ஒருத்தனைச் சும்மா தூக்கினா நாளைக்கு எல்லாப் பரதேசியும் பாலத்தாண்ட காலை நீட்டி உக்காந்துக்குவான். எறக்கு!"

"எறக்க மாட்டேன். சுமையோட ஏறுறேன், பாறைப் பக்கம் எனக்கு. நீ வெறுங்கழுதைதானே ஓட்டிட்டு வர்ற, ஒதுங்கு."

எங்கள் பாதையில் எழுதப்படாத சட்டம் அதுதான். சுமையோடு ஏறுகிறவர்களுக்குப் பாறைப் பக்கம், சும்மா இறங்குகிறவர்களுக்கு விளிம்பு. ஹிலாரியோ ஒதுங்கவில்லை. தன் கழுதைகளைப் பாறையோடு ஒட்டி ஓட்டினான். வியூதா தலையை உயர்த்தி மறுத்து நின்றபோது அதன் கண்களுக்குக் குறுக்கே சவுக்கை வீசினான். அது பின்னங்காலை எடுத்து வைத்த இடத்தில் பூமி இல்லை.

முதலில் பீர் பாட்டில்கள் உடைகிற சத்தம். அதற்குப் பிறகு எலும்பின் சத்தம். கழுதை நேரே ஆற்றுக்குப் போயிருந்தால் பரவாயில்லை. கீழே ஒரு பாறைத் திட்டில் முதுகு மடிந்து கிடந்து, முன்னங்கால்களால் மட்டும் எழுந்திருக்கப் பார்த்தது. பாஸிலியா முட்செடிகளைப் பிடித்துக்கொண்டு இறங்கினாள். அதன் கழுத்தைத் தடவினாள், காதில் ஏதோ சொன்னாள், கத்தியை இறக்கினாள். மேலே ஏறி வந்தபோது முழங்கை வரை ரத்தம். ஹிலாரியோ அதற்குள் வெகுதூரம் இறங்கிவிட்டிருந்தான்.

கழுதை இல்லாதவளுக்கு முறை கிடையாது. முறை இல்லாவிட்டால் சோறு கிடையாது. ஊர்க்கூட்டத்தில் ஹிலாரியோ, "தானா சறுக்கிச்சு" என்றான். நொண்டிக்கொண்டு வந்திருந்த எசேக்கியேல் எழுந்து, "சவுக்கால அடிச்சதை நான் பாத்தேன்" என்றான். போலீஸ் சார்ஜென்ட்டுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. வெளிநாட்டுச் சாட்சி இருக்கிறது, வழக்குப் போட்டால் ஹிலாரியோவின் கொட்டிலில் நிற்கும் இளங்கழுதை ஈடாகப் பாஸிலியாவுக்குத்தான் என்றார்.

"எவ்வளவு நாளாகும்?" என்றாள் பாஸிலியா.

"ஒரு வருஷம். நீதிபதிக்கு உடம்பு சரியில்லன்னா ரெண்டு."

"அதுவரைக்கும் இந்தக் கோவத்தை எங்கய்யா வச்சிக்கிறது? கோழிக்கூண்டுலயா?"

கிறிஸ்துமஸ் வரைக்கும்கூடக் காத்திருக்காமல் அவள் நேராகப் பிரிமித்திவாவிடம் போனாள். சும்பிவில்காஸ் வழக்கப்படி ஆணோடு ஆண், பெண்ணோடு பெண். ஒரு வீட்டின் குற்றத்துக்கு அந்த வீட்டிலிருந்து ஒருவர் வந்து நிற்க வேண்டும்.

"கொமாத்ரே, உன்னை அடிக்கணும்."

பிரிமித்திவா சோளம் உரித்துக்கொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை. "அந்த நாயி செஞ்சதுக்கு நானா?"

"உங்க வீட்ல வேற பொம்பள யாரு இருக்கா?"

"சரி, ஞாயித்துக்கிழம பூசை முடிஞ்சு வச்சுக்கலாம். இன்னைக்கு இதை உரிச்சு முடிக்கணும். நீயும் உக்காரு, ஒரு கை குடு."

இருவரும் உட்கார்ந்து உரித்தார்கள்.

விஷயம் கேள்விப்பட்ட சார்ஜென்ட் ஓடிவந்தார். "அடிச்சிக்கிட்டா வழக்கு நிக்காதும்மா!" என்றார். பாஸிலியாவுக்கு அது அவரைவிட நன்றாகத் தெரியும். இரண்டாவது தழுவலுக்குப் பிறகு இளங்கழுதையைப் பற்றி மூச்சு விடக்கூடாது. எசேக்கியேல் கிட்டத்தட்ட அழுதான்.

"அம்மா, நான் கையெழுத்துப் போடுறேன். கழுதை கெடச்சிரும். வன்முறையால எதுவும் தீராது!"

"தம்பி, நீ வெளியூர்க்காரன், ரெண்டு பக்கமும் சொந்தமில்ல. நீதான் நடுவர்" என்று அவன் கையில் சவுக்கைக் கொடுத்தாள். உள்ளே நுழைகிறவர்களை விரட்ட நடுவருக்குச் சவுக்கு வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை கால்பந்து மைதானத்தில் ஊரே கூடியது. சண்டை காட்டுமிராண்டித்தனம் என்று பூசையில் கேட்டுவிட்டு வந்தவர்கள் முன்வரிசையில் இடம் பிடித்தார்கள். இரண்டு பெண்களும் தொப்பிகளைக் கழற்றினார்கள், பாவாடைகளைத் தூக்கிச் செருகினார்கள், தழுவிக்கொண்டார்கள்.

முதல் அடி பிரிமித்திவாவுடையது. பாஸிலியாவின் மூக்கு பக்கவாட்டில் போய்விட்டது. உலர்ந்த விறகு ஒடிகிற மாதிரி அந்தச் சத்தம் கடைசி வரிசை வரை கேட்டது. பாஸிலியா ரத்தத்தை உறிஞ்சித் துப்பிவிட்டு, இடது கையால் விலாவில் ஒன்று, வலது கையால் வாயில் ஒன்று கொடுத்தாள். இரண்டு பற்கள் புழுதியில் விழுந்தன. பிறகு கணக்கு வைக்க முடியவில்லை. கொழுத்த இரண்டு ஜீவன்கள் ஒன்றையொன்று சுவராக நினைத்து இடித்துக்கொண்டிருந்தன. ஒருத்தியின் புருவம் கிழிந்து கண்ணை மூடியது. மற்றவளின் காதிலிருந்து தோடு சதையோடு வந்தது.

"விடுடீ என் பொண்டாட்டியை!" என்று ஹிலாரியோ உள்ளே பாய்ந்தான்.

அப்போது நடந்ததைப் பற்றி எங்கள் ஊரில் இன்றும் இரண்டு கருத்து கிடையாது. கறி தின்னாத, கழுதையின் மேல் மூட்டை வைக்க மனம் வராத எசேக்கியேல் அந்தச் சவுக்கைச் சுழற்றினான். முதல் வீச்சில் ஹிலாரியோவின் கன்னம் பிளந்தது. இரண்டாவது தேவையே இல்லை, ஆனாலும் வீசினான். மூன்றாவதும் நாலாவதும் முதுகில் விழுந்தன. ஐந்தாவது விழாமல் இருக்க நாலு பேர் சேர்ந்து அவனைப் பிடிக்க வேண்டியிருந்தது. பிறகு அவன் தன் கையையே பார்த்துக்கொண்டு நின்றான். இரண்டு நாள் கழித்து யாரிடமோ ஒரு போர்வையைக் கடன் வாங்கிக்கொண்டு தனியாக நடந்து சோக்கேகிராவைப் பார்த்துவிட்டு வந்தான். எப்படி இருந்தது என்று கேட்டால், "அமைதியா இருந்துச்சு" என்று மட்டும் சொன்னான்.

பெண்கள் இருவரும் நிற்க முடியாமல் ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்தார்கள். அது தழுவலா சோர்வா என்று சார்ஜென்ட்டுக்குச் சந்தேகம்.

"தழுவல்தான். எனக்கு வழக்கு ஒண்ணும் இல்ல" என்றாள் பாஸிலியா, உடைந்த மூக்கால்.

மறுநாள் காலையில் பிரிமித்திவா இளங்கழுதையை இழுத்துக்கொண்டு பாஸிலியா வீட்டு வாசலுக்கு வந்தாள்.

"பிடி."

"வேணாம். முடிஞ்சு போச்சு."

"உனக்கு முடிஞ்சுது. நான் சும்பிவில்காஸ்காரி இல்ல, எனக்கு முடியல."

"கொமாத்ரே, தழுவின பெறகு வாங்கினா எங்கப்பன் குழியிலேருந்து எந்திரிச்சு வந்து ஒதைப்பான்."

பாஸிலியா கழுதையைத் திருப்பி ஓட்டிவிட்டாள். மதியம் அது மறுபடி வந்தது. சாயங்காலம் மறுபடி போனது. ஊர் வேலைவெட்டி இல்லாமல் பார்த்துக்கொண்டிருந்தது. ஹிலாரியோ வாசலில் உட்கார்ந்து, போகும்போதும் வரும்போதும் கழுதைக்கு வழிவிட்டான். கன்னத்தில் தையல் போட்டிருந்ததால் பேச முடியவில்லை.

கடைசியில் பிரிமித்திவாவுக்குப் பொறுமை போனது. "உனக்கு யாருடி தர்றேன்னு சொன்னது? அவன்கிட்டேயிருந்து நான் எடுத்துக்கிட்டேன். கழுதை என்னுது. ஆனா எனக்கு மலைப்பாதை தெரியாது. கூட நடக்க ஒரு ஆளு வேணும். வர்றியா, இல்ல அதுக்கும் உங்கப்பன் எந்திரிப்பானா?"

பாஸிலியா வீங்கின கண்ணோடு வெகுநேரம் யோசித்தாள். அதற்கு வழக்கத்தில் தடை எதுவும் இல்லை.

முதல் வாரம் யாரும் அவர்களைக் கூலிக்கு வைத்துக்கொள்ளவில்லை. சுற்றுலாக்காரர்கள் நீலமும் பச்சையுமாய் வீங்கியிருந்த இரண்டு முகங்களையும் பார்த்துவிட்டு, மரியாதையாகச் சிரித்து, அடுத்த கழுதைக்குப் போனார்கள். பிறகு லிமாவிலிருந்து ஒரு கல்லூரிக்காரன் வந்தான், மகா கஞ்சன். காலையிலிருந்து எல்லாக் கழுதைக்காரர்களிடமும் பேரம் பேசி, எல்லாரையும் கெஞ்ச வைத்துவிட்டுக் கடைசியில் இவர்களிடம் வந்து கூலி எவ்வளவு என்று கேட்டான். பாஸிலியா சொன்னாள். பேரம் பேச வாயைத் திறந்தவன், பிரிமித்திவாவின் பல் போன சிரிப்பைப் பார்த்தான். பாஸிலியாவின் மூக்கைப் பார்த்தான். மூட்டையைக் கழற்றிக் கழுதையின் பக்கத்தில் வைத்தான்.