வியாழக்கிழமைப் புட்டி

கர்ப்பிணியின் கால் வீங்கினால் பிறப்பது ஆண்பிள்ளை என்று ஆம்பூரில் ஒரு நம்பிக்கை உண்டு. அது தவறு என்பதை மிகுந்த பொறுப்புணர்ச்சியோடு இங்கே அறிவிக்கிறேன். பெண்கள் மருந்தகத்தில் கம்பவுண்டராக இருந்து, ஊரார் சிறுநீரைக் கண்ணாடிக் குழாயில் ஊற்றி ஸ்பிரிட் விளக்கில் காய்ச்சியவன் நான். தெளிவாக நின்றால் நல்லது. முட்டையின் வெள்ளைபோலத் திரிந்தால் சிறுநீரகம் கெடுகிறது. இதே விளக்கின் முன் மூக்கைப் பிடித்துக்கொண்டு நின்ற கம்பவுண்டர் சகோதரர்களுக்கு மேலும் விளக்க வேண்டியதில்லை. ஆட்டின் குண்டிக்காயை மிளகு போட்டு வறுக்கத் தெரிந்த ஊரில், தங்களுக்கும் அதே இரண்டு உண்டென்று அறிந்தவர் சிலரே.

உப்பு

தோல் மண்டி முதலாளி வீட்டு மருமகள் ஜமீலாவுக்கு ஏழாம் மாதம். கால் வீக்கம், ஓயாத தலைவலி. பெண்கள் வாசல் தாண்டாத கோஷா வீடு, ஆள் வரவில்லை. ஒரு வியாழக்கிழமை ஜட்கா ஓட்டும் மஸ்தான் கையில் சிறுநீர் அடைத்த அத்தர் புட்டிதான் வந்தது. காய்ச்சினேன், திரிந்தது. உப்பை நிறுத்தவேண்டும், படுத்தே இருக்கவேண்டும், இல்லாவிட்டால் வலிப்பு வந்து தாயும் பிள்ளையும் போய்விடலாம் என்று மருந்தகத்து டாக்டரம்மா சீட்டு எழுதி அனுப்பினார். மாமியார் சக்கினா பீவியின் பதிலை மஸ்தான் மறுநாள் ஒரு சொல் விடாமல் ஒப்பித்தார்: "உப்புப் போடலைன்னா மண்டியில தோலே அழுவிப் பூடுது. மனுசி மட்டும் கெடாம இருப்பாளா?"

சாமர்த்தியம்

அடுத்த வியாழன் வந்த புட்டியைக் காய்ச்சினால் தயிராகவே உறைந்தது. "உப்பை நிறுத்தவில்லை, இரட்டிப்பாக்கியிருக்கிறார்கள்" என்று சர்வ நிச்சயமாகச் சொன்னேன். ஜமீலாவை அன்றே வேலூர் ஆஸ்பத்திரியில் சேர்த்துவிடுவதென்று டாக்டரம்மா குழாயையும் என்னையும் ஜட்காவில் ஏற்றிக்கொண்டு அந்த வீட்டுக்குப் போனார். விஷயத்தைக் கேட்டதும் திரைக்குப் பின்னாலிருந்து சக்கினா பீவி சிரித்தார்.

"அது அவளுது இல்ல, என்னுது. நல்லா இருக்கிறவளுதைக் குடுத்தா பேஜார் விட்டுதுன்னு பார்த்தேன். அஞ்சு பசங்களைச் சுமந்தப்பவும் எனக்கு இப்படித்தான் வீங்குச்சு. இன்னா ஆயிடுச்சு எனக்கு?"

திரைக்கு அந்தப் பக்கம்

டாக்டரம்மா குழாயோடு உள்ளே போனார். நான் வெளியே நின்று கேட்டேன். சக்கினா பீவிக்குக் காலையில் இமை வீங்குமாம், நாலு படி ஏறினால் மூச்சு வாங்குமாம், எல்லாம் வயசுதானாம். "பிரசவத்தோட வீக்கம் போச்சு. உள்ள சிறுநீரகத்துல பட்ட அடி போகலை" என்றார் டாக்டரம்மா. ஜமீலாவின் சிறுநீரை அங்கேயே வாங்கி, கழுவிய குழாயில் என்னிடம் கொடுத்தனுப்பினார்; வாசலில் தணல் கேட்டு வாங்கிக் காய்ச்சினேன். போன வாரத்தைவிடக் கொஞ்சம்தான் மோசம். வேலூர்ப் பயணம் நின்றது. சிரிப்பும் நின்றது. சக்கினா பீவியின் குரல் வந்தது: "அப்போ இவளுக்கும் என்னாட்டம் ஆவுமா?"

ஆகலாம், அதனால் பிள்ளை பிறந்த பிறகும் புட்டி வந்தாகவேண்டும் என்றார் டாக்டரம்மா. இப்படிச் சொல்லி அனுப்பிய எத்தனையோ வீடுகளில், தொட்டில் கட்டிய மறுநாளே புட்டியைக் கழுவிக் கவிழ்த்துவிட்டதை நான் பார்த்திருக்கிறேன்.

விஞ்ஞானம்

அன்றிலிருந்து அந்த வீட்டில் இரண்டு பேருக்கு உப்பில்லாத சமையல். ஜமீலா வலிப்பில்லாமல் பெற்றாள். பெண் குழந்தை. என் மறுப்பு நிரூபணமாகிவிட்டதென்று நிமிர்ந்தேன். மஸ்தான் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்: "நீங்க உப்பை நிறுத்தினீங்க, வீக்கம் கம்மியாப் பூடுச்சு. அதான் பொண்ணு."

அடுத்த வியாழன் ஜட்காவில் இரண்டு அத்தர் புட்டிகள் வந்தன. மாறிவிடாமலிருக்க ஒன்றின் கழுத்தில் சிவப்பு நூல் கட்டியிருந்தது.