முதிர்வுத் தேதிக்கு முன்

என் மனைவியின் இடது கண் போனதற்கு நான்தான் காரணம். அடித்ததில்லை, குடித்ததில்லை. வங்கியில் நான் போட்டிருந்த ஐந்து வருட டெபாசிட் முதிர இன்னும் இரண்டு மாதமும் சில நாட்களும் இருந்தன. முன்கூட்டியே உடைத்தால் வட்டியில் வெட்டு விழும். அதற்காக அவளைக் காத்திருக்க வைத்தேன். கையில் பணமே இல்லை என்று பொய் சொன்னேன்.

நான் கோலார் தங்கவயலில் பிறந்தவன். அப்பா சுரங்கத்தில் இறங்கியவர். சம்பள நாளில் கேட்டுக்கு வெளியே வட்டிக்காரர்கள் வரிசையாக நிற்பார்கள். அப்பா கையில் வாங்கிய கவர் வீட்டுக்கு வந்து சேரும்போது பாதி காலியாக இருக்கும். அவர் இறந்த பத்தாம் நாளே ஒருவன் வந்து பாக்கியைக் கேட்டான். நான் பி.காம். முடித்து பெங்களூரில் ஒரு தொழிற்சாலையின் கணக்குப் பிரிவில் சேர்ந்தபோது எனக்குள் இரண்டு தீர்மானங்கள் இருந்தன. கடன் வாங்குவதில்லை. சேமித்ததை நாள் முடியும் முன் தொடுவதில்லை.

சம்பளம் வந்த அன்றே, வீட்டுக்கு ஒரு முழம் பூ வாங்கும் முன்பே, ஐந்தில் ஒரு பங்கை ஒதுக்கிவிடுவேன். சம்பளம் உயர்ந்தால் செலவு உயராது, அந்தப் பங்குதான் உயரும். லிங்கராஜபுரத்திலிருந்து ஒரு ஸ்டேஜ் தூரம் நடந்துபோய் பஸ் ஏறுவேன். முதிர்ந்த பணத்தை வட்டியோடு சேர்த்து மறுபடியும் போடுவேன். ஏதாவது வாங்கத் தோன்றினால் கிழித்த காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதிவைத்து ஒரு மாதம் பொறுப்பேன். அதற்குள் பாதி ஆசைகள் தாமாகவே போய்விடும். இவை நல்ல வழக்கங்கள். இன்றும் அப்படித்தான் சொல்வேன்.

இன்னொரு வழக்கமும் இருந்தது. அதை யாரிடமும் சொன்னதில்லை. சேமிப்பு இருப்பது வீட்டில் தெரியக் கூடாது. சுரங்கம் மூடிய பிறகு இரண்டு பக்கத்து உறவுகளும் பணம் கேட்டு வந்தார்கள். என் மனைவிக்கு இளகிய மனது, தெரிந்தால் கொடுத்துவிடுவாள். அதனால் பாஸ்புக், ரசீது எல்லாம் ஆபீஸ் மேசையின் இழுப்பறையில் இருந்தன. வீட்டில் நான் சொன்னதெல்லாம், "கையில ஒண்ணும் இல்ல" என்பதுதான். அவள் நம்பினாள். வீட்டிலேயே ஒரு தையல் மெஷினைப் போட்டு அக்கம்பக்கத்துப் பெண்களுக்கு ப்ளவுஸ் தைத்தாள். அந்தக் காசில்தான் எங்கள் மகளின் புத்தகங்களும் டியூஷனும் நடந்தன.

ஒரு நாள் சாயங்காலம் ஊசியில் நூல் கோத்துக்கொண்டே சொன்னாள்: "ஏங்க, இடது கண்ணுல ஏதோ கருப்பா பூச்சி பறக்கற மாதிரி இருக்கு. ஓரமா மின்னல் மாதிரி வேற வெட்டுது."

"ராத்திரில தூங்காம தைக்கிறே. அதான்."

"டாக்டர்கிட்ட காட்டலாமா? எதிர்வீட்டு அக்கா சொன்னாங்க, கண்ணுக்குன்னே ஆஸ்பத்திரி இருக்காமே."

"அங்கெல்லாம் உள்ள போனாலே ஆயிரக்கணக்குல கேப்பான். இப்ப கையில ஒண்ணும் இல்லம்மா. ரெண்டு மாசம் பொறு."

மெடிக்கல் ஷாப்பில் சொட்டு மருந்து வாங்கிக் கொடுத்தேன். என் மனதில் அந்தக் கண்ணும் காலண்டர் தாளில் எழுதிவைத்த ஒரு சாமானாகிவிட்டது. ஒரு மாதம் போனால் தானாகவே சரியாகிவிடும் என்று நினைத்தேன். டெபாசிட்டின் மேல் கடன் வாங்கியிருக்கலாம். ஒரே நாளில் கிடைத்திருக்கும். கணக்குப் பிரிவில் வேலை பார்த்தவனுக்கு அது தெரியாதா? தெரியும். கடன் என்ற சொல்லே எனக்கு வாயில் வராது.

மூன்று வாரம் கழித்து, தைத்த ப்ளவுஸை வாங்கிப் போயிருந்த ஒரு பெண் அதைப் போட்டுக்கொண்டே வந்து நின்றாள். "என்னக்கா இது, ஒரு கை மேல, ஒரு கை கீழ! நான் என்ன தராசா?" என்று சிரித்தாள். என் மனைவியும் சிரித்தாள். அந்தப் பெண் போன பிறகு என்னைப் பார்த்து, "கீழிருந்து ஒரு திரை ஏறிட்டு வருதுங்க. பாதிக் கண்ணு மறைஞ்சுபோச்சு" என்றாள். குரலில் புகார் இல்லை. சம்பள நாளுக்கு முன் அரிசி தீர்ந்துவிட்டதைச் சொல்வதுபோலச் சொன்னாள்.

அப்போதும் ஒரு வாரம் தள்ளினேன். இந்த ஒரு வாரம்தான் இன்றுவரை என்னை விடவில்லை. அதற்கு முன்பு அறியாமை என்று சொல்லிக்கொள்ளலாம். இதற்கு ஒரு சாக்கும் கிடையாது.

கடைசியில் அழைத்துப் போனேன். டாக்டரம்மா விளக்கை அணைத்து, கண்ணுக்குள் வெளிச்சம் அடித்துப் பார்த்தார். விழித்திரை கழன்றுவிட்டது என்றார். இத்தனை நாள் என்ன செய்துகொண்டிருந்தீர்கள் என்று கன்னடத்தில் என்னைக் கேட்டார். நான் வாய் திறக்கும் முன் என் மனைவி கன்னடத்திலேயே பதில் சொன்னாள்: வீட்டில் கொஞ்சம் கஷ்டம். அந்த மாதச் சம்பளத்தைக் கட்டினேன், ஆபரேஷன் செய்தார்கள். பார்வை திரும்பவில்லை.

டெபாசிட் தன் தேதியில் முதிர்ந்தது. முழு வட்டியும் வந்தது. அதையும் இன்னும் இரண்டு ரசீதுகளையும் சேர்த்து பெங்களூர் ஓரத்தில் ஹெப்பகோடியில் வீடு கட்ட ஒரு சைட் வாங்கினேன். ஆபீஸில் லோன் கிடைத்தது என்று வீட்டில் சொன்னேன். பிறகு அதில் நான்கு சிறிய வீடுகள் எழும்பின. ஃபாக்டரி ஷிப்டுக்குப் போகும் பிள்ளைகள் வாடகைக்கு இருக்கிறார்கள். "ஒரே சம்பளத்துல எப்படி சார் நாலு வீடு கட்டினீங்க? எங்களுக்கும் சொல்லுங்க" என்பார்கள். நான் சொல்லுவேன்: முதலில் எடுத்து வை, பிறகு செலவு செய். அவர்கள் போனில் குறித்துக்கொள்வார்கள்.

அந்த வருடங்களில் அவள் ஒரு பக்கத்து உலகத்தை மெல்ல மெல்லக் கைவிட்டதைப் பார்த்துக்கொண்டே வாழ்ந்தேன். இடது பக்கம் யாராவது நின்றால் கழுத்தை முழுவதும் திருப்பித்தான் பார்ப்பாள். டம்ளருக்கு வெளியே காபி ஊற்றுவாள். தையலை நிறுத்திவிட்டாள், மெஷின்மேல் துணி மடித்து வைத்தோம். சாலை கடக்கும்போது நான் அவளுடைய இடது பக்கம் நடப்பேன். அக்கறை என்று நினைத்தாள். அந்தப் பக்கம் நின்றால் என் முகம் அவளுக்குத் தெரியாது என்பதும் ஒரு காரணம். இப்போதெல்லாம் டெபாசிட் முதிர்ந்தால் வங்கியிலிருந்து போனுக்குச் செய்தி வருகிறது. அந்தச் சின்ன மணிச்சத்தம் கேட்டதும் அவள் ஊசியில் நூல் கோத்துக்கொண்டு நின்ற சாயங்காலம் கூடத்துக்குள் வந்துவிடும்.

போன வருடம் சொல்லிவிட்டேன். மத்தியானம், அவள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். எதிரே உட்கார்ந்து, எதையும் மறைக்காமல் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் கை நிற்கவில்லை.

"உடைச்சிருந்தா எவ்வளவு போயிருக்கும்?"

"ரெண்டாயிரம் இருக்கும்."

கொஞ்ச நேரம் தண்டையும் இலையையும் பிரித்துக்கொண்டிருந்தாள். பிறகு, "அப்ப ஒரு ப்ளவுஸுக்கு நாப்பது ரூபா வாங்கினேன். அம்பது ப்ளவுஸ். ஒரு நாளைக்கு மூணுன்னா பதினேழு நாள்" என்றாள். "எங்கிட்ட சொல்லியிருந்தா நானே தைச்சுக் குடுத்திருப்பேனேங்க, உங்க வட்டிய."

அழுதிருந்தால் தாங்கியிருப்பேன். அவள் எழுந்துபோய்க் கீரையை அலசினாள்.

ஹெப்பகோடி வீடுகளை அவள் பெயருக்கு எழுதிவிட முடிவு செய்தேன். பத்திரம் தயாராகி, பதிவு அலுவலகத்தில் எங்கள் முறை வரும் வரை பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். திடீரென்று, "இதுல கையெழுத்து போட்டுட்டா உங்களுக்குத் தூக்கம் வந்துடுமா?" என்றாள்.

நான் பத்திரத்தின் ஓரத்தை மடித்துக்கொண்டிருந்தேன்.

"எனக்கு வீடு வேணாம். மிச்சம் இருக்கிற கண்ண மூணு மாசத்துக்கு ஒருதரம் காட்டணும்னு டாக்டரம்மா சொல்லியிருக்காங்க. நீங்க கூட வாங்க. கவுண்டர்ல என் எதிர்ல நீங்க பணம் கட்டணும். நான் பாக்கணும். அவ்வளவுதான்." எழுந்து பஸ் ஸ்டாப்பை நோக்கி நடந்தாள்.

இரண்டு முறை போனோம். நான் கட்டினேன், அவள் பக்கத்தில் நின்று பார்த்தாள். மூன்றாம் முறை கவுண்டரில் இருந்த பெண், டாக்டர் புதிதாக ஒரு ஸ்கேன் எழுதியிருக்கிறார் என்று சொல்லித் தொகையைச் சொன்னாள். என் வாய் தானாகத் திறந்தது. "இது இப்பவே எடுக்கணுமாம்மா? அடுத்த மாசம் எடுத்தா ஆகாதா?"

கேட்டு முடித்தபோதுதான் என்ன கேட்டேன் என்று தெரிந்தது. அவசரமாகக் கார்டை நீட்டினேன். என் மனைவி அதற்குள் தன் பையைத் திறந்து, மகள் கொடுத்துவைத்திருந்த நோட்டுகளை எண்ணிக் கவுண்டரில் வைத்துவிட்டாள். பஸ்ஸில் என்னோடு சாதாரணமாகவே பேசினாள். இறங்கும்போது, "அடுத்த தடவை பொண்ணு லீவு போட்டு வராளாம். நீங்க அலைய வேணாம்" என்றாள்.

அன்றிலிருந்து அவர்கள் இருவரும்தான் போகிறார்கள். போன வாரமும் போய் வந்தார்கள். கண் நன்றாக இருக்கிறதாம், மகள் சொன்னாள். எவ்வளவு ஆயிற்று என்று கேட்க எனக்கு வாய் வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.