அனில் யாரு மிஸ்?

தில்லியில் ஒரு தமிழ்ப் பள்ளியில் கம்ப்யூட்டர் டீச்சராக இருக்கும் அமலிக்குக் கோபம் வந்தால் காது மடல் சிவந்துவிடும். இந்த வருஷம் அது வெளுத்த நாளே கிடையாது.

கெஞ்சிக் கூத்தாடி வாரத்துக்கு ஒரு பீரியட் வாங்கியிருந்தாள், ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் தாங்களே வீடியோ கேம் செய்து பழகட்டும் என்று. கமிட்டிச் செயலாளர் மகாதேவன் ஏதோ அமைச்சகத்தில் பெரிய பதவியிலிருந்து ஓய்வு பெற்றவர். பெரிய கம்பெனிகள் வைத்திருக்கும் மென்பொருளைத்தான் போட வேண்டும் என்று முதலில் ஒற்றைக்காலில் நின்றார். பேரன் அதில்தான் வேலை பார்க்கிறானாம். பள்ளியின் கிழட்டுக் கம்ப்யூட்டர்கள் அதைத் திறந்து முடிப்பதற்குள் மணி அடித்துவிடும். தவழுகிற பிள்ளையிடம் லாரிச் சாவியைக் கொடுத்திருக்கிறார் மனுஷன் என்று கிட்வாய் நகர் குவார்ட்டர்ஸில் கணவன் எலியேசரிடம் பொருமித் தீர்த்தாள்.

பிறகு அவளே தேடி வேறொன்றைப் பிடித்தாள். திரையில் இருக்கும் வண்ணக் கட்டைகளை இழுத்து ஒன்றோடொன்று பொருத்தினால் போதும், கேம் ஓடும். பிள்ளைகள் பிய்த்து உதறினார்கள். அந்த நேரம் பார்த்து மகாதேவன் எட்டிப் பார்த்தார். கட்டைகளின் மேல் எழுதியிருந்ததெல்லாம் இங்கிலீஷ்.

"தமிழ் ஸ்கூல்ல இது என்னம்மா கூத்து? தமிழ்ல மாத்துங்கோ. வெள்ளிக்கிழமை வந்து பாக்கறேன். சரியா வரலேன்னா அந்தப் பீரியடைக் கட்டுரைக்குக் குடுத்துடலாம்."

மொழியை மாற்ற ஒரு க்ளிக்தான் ஆயிற்று. அதோடு வகுப்பு படுத்துவிட்டது. தில்லியில் பிறந்த பிள்ளைகள் தமிழை எழுத்துக்கூட்டிப் படிப்பதற்குள் கை ஓய்ந்துபோனது. 'எனில்' என்று ஒரு கட்டை, வாய் பிளந்தாற்போல் இருக்கும். கேமுக்கு உயிரே அதுதான்: இப்படி நடந்தால் அப்படிச் செய் என்று சொல்வது. ஜ்யோத்ஸ்னா அதை உற்று உற்றுப் பார்த்து, 'எ'வை 'அ' என்று படித்துவிட்டுக் கேட்டாள்.

"மிஸ், இந்த அனில் யாரு? பாய்ஸ் செக்‌ஷன்லயா?"

அனில்தான் என்று வகுப்பே ஆமோதித்தது. அவள் மாடி வீட்டிலும் ஒரு அனில் அண்ணா, 'அனில் பையா', இருந்தான். அமலி விளக்கினாள், படம் போட்டாள், தொண்டை வற்றக் கத்தினாள். 'மழை பேஞ்சா' என்று பேசும் வீட்டில் எனிலுக்கு எங்கே போவது? மறுநாளும் அனில்தான். சொல்லைப் போட்ட புண்ணியவானை நினைத்து அவளுக்கு ஆத்திரமாக வந்தது.

வெள்ளிக்கிழமை மகாதேவன் வந்து ஜ்யோத்ஸ்னாவின் பின்னால் நின்றார். அவள் செய்த கேமில் ஒரு ஆட்டோ ரோட்டுப் பள்ளங்களைத் தாண்ட வேண்டும். அது தாண்டவில்லை. ஒவ்வொரு பள்ளத்திலும் விழுந்தது. அவர் உதட்டைப் பிதுக்கினார். 'தாவு' என்ற நீலக் கட்டை வெளியே அனாதையாகக் கிடப்பதை அமலி பார்த்துவிட்டாள். எனில் என்றால் இவளுக்குப் புரியாது, பீரியட் போய்விடும். பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள்.

"நீலக் கட்டைய அனில் வாய்க்குள்ள போடு புள்ள. ஜல்தி."

ஜ்யோத்ஸ்னா சட்டென்று போட்டாள். ஆட்டோ பள்ளத்தைத் தாண்டிக் குதித்தது. பிள்ளைகள் மேஜையைத் தட்டினார்கள்.

மகாதேவனுக்கு முகமெல்லாம் சிரிப்பு. தமிழில் சொல்லிக்கொடுத்தால் எப்படிப் பளிச்சென்று ஏறுகிறது பாருங்கள் என்று அமலியைப் பாராட்டினார். பீரியட் அப்படியே இருக்கட்டும், தமிழிலேயே நடக்கட்டும் என்றார். வாசல் வரை போனவர் திரும்பினார்.

"அது சரி, அனில்னேளே, அது யாரு? புது அட்மிஷனா?"

அமலியின் காது மடல் கொதித்தது.

"ஆமா சார்" என்றாள்.