குழிக்கு ஊசி, கறைக்கு அமிலம்

டெல்லி துவாரகாவில் ஒரு மொட்டைமாடி அறையில் இரண்டு குளிர்காலம் இருந்தேன். எட்டாவதோடு படிப்பை விட்டு, லாரி கிளீனராகவும் ஓட்டலில் பாத்திரம் தேய்ப்பவனாகவும் ஊர் ஊராகச் சுற்றியபின் கிடைத்த அறை. கூட இருந்தவன் திருநெல்வேலிக்காரன், என்னைவிட எட்டு வயது சின்னவன். விமான நிலையத்தில் பெட்டி ஏற்றி இறக்கும் வேலை. போர்டிங் பாஸ் கொடுக்கும் கவுண்டருக்கு மாற ஆசைப்பட்டான். மார்ச்சில் நேர்காணல். இந்தியும் ஆங்கிலமும் அவனுக்கு நன்றாகவே வரும். பயமெல்லாம் முகத்தைப் பற்றித்தான். இரண்டு கன்னத்திலும் பரு விட்டுப்போன குழிகள்.

எனக்கும் பரு வந்த முகம்தான். குழி கிடையாது, கறுப்புத் தழும்புகள் மட்டும். நான் அதை நினைத்ததே இல்லை.

சாயங்காலம் ஆனால் போனை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவான்.

"லேசர்ல ஒரே தடவைல பாதி போயிருமாம்ணே."

"மீதி மூஞ்சி இருக்குமாடா?"

கடைசியில் ஒரு வழி கண்டுபிடித்தான். "நீங்க ஆசிட் தடவித் தோலை உரிக்கிற பீல் பண்ணுங்க. நான் குட்டி ஊசி வச்ச உருளைய மூஞ்சில உருட்டிக்கிடுதேன். எது நல்லாருக்குன்னு பாத்துட்டு, ரெண்டு பேரும் அதையே பண்ணுவோம்."

"நான் என்ன சோதனை எலியா?"

"எலிக்கு இவ்ளோ பெரிய மீசை கிடையாதுண்ணே."

ஜனவரியில் தோல் டாக்டரிடம் போனோம். டாக்டரம்மா எங்கள் இருவர் முகத்தையும் விளக்கடியில் பார்த்துச் சிரித்துவிட்டார். "பையா, இது வேற, அது வேற" என்று இந்தியில் விளக்கினார். குழிக்கு ஊசி, மாதம் ஒருமுறை, பல மாதம். கறைக்கு அமிலம். லேசர் வைத்தால் நம் நிறத்துக்கு முகம் கறுத்துவிடவும் கூடும். அன்றே அவனுக்கு ஊசி, எனக்கு அமிலம் என்று தொடங்கிவிட்டு, என்னிடம் மட்டும் வெயிலில் போகாதே என்றார். அச்சா என்றேன்.

வெயில் என்றால் எனக்கு எங்கள் ஊர் சித்திரை வெயில். டெல்லி ஜனவரியில் அடிப்பதை நான் வெயில் கணக்கிலேயே சேர்த்ததில்லை. காலனியே மாடியில் காய்ந்துகொண்டிருக்கும். வீட்டுக்கார அம்மா ஆரஞ்சு உரித்துக் கையில் கொடுத்து, "தூப் மே பைட்டோ பேட்டா", வெயிலில் உட்கார் மகனே, என்று தன் பக்கத்தில் இடம் காட்டுவார். தோல் உரிந்த முகத்தை மேலே தூக்கி நாலு நாள் சுகமாகக் காய்ந்தேன். ஒரே வாரத்தில் கன்னம் இரண்டும் தோசைக்கல்லாகிவிட்டன.

அவன் என் கன்னங்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். பிறகு, "லேசரே வேண்டாம்ணே" என்றான். அன்றிலிருந்து மப்ளரைக் கண்வரை சுற்றிக்கொண்டுதான் வாசல் தாண்டினான். தினம் சாயங்காலம் டியூப் லைட்டுக்கு அடியில் அவன் குழிகளை நான் பார்ப்பேன், என் கறுப்பை அவன் பார்ப்பான்.

மார்ச்சுக்குள் மூன்று தடவை ஊசி முடிந்தது. நேர்காணல் காலையில் என்னை மாடிக்கு அழைத்துப்போய் வெளிச்சத்தில் நின்றான்.

"உண்மையச் சொல்லுங்கண்ணே. தெரியுதா?"

"தெரியுது. ஒரு முழம் தள்ளி நின்னா தெரியல. கவுண்டர் அதைவிட அகலம்."

வேலை கிடைத்தது. அடுத்த மாதமே விமான நிலையத்துப் பக்கம் அறை மாறிப் போனான். நான் லூதியானாவுக்கு லாரி ஏறினேன். என் கறுப்பு, எந்த வைத்தியமும் இல்லாமல் மழைக்காலத்துக்குள் தானாகவே மங்கியது. அதற்குப் பின் எத்தனையோ அறைகளில் படுத்து எழுந்தாயிற்று. என் முகத்தை அத்தனை அக்கறையாக, ஒரு நாளும் தவறாமல் பார்த்தவர்கள் வேறு யாருமில்லை.