பதினேழு சிப்பிகள்

நாலாம் வகுப்பு முழுப்பரீட்சை முடிந்த விடுமுறையில், நொய்யல் கரையோரம் ஒரு மேட்டுக்காட்டைத் தொல்லியல்காரர்கள் சதுரம் சதுரமாகத் தோண்டிக்கொண்டிருந்தார்கள். அம்மாவுக்கு அங்கே மண் சலிக்கும் வேலை. என்னைத் தனியே விட மனமில்லாமல் கூடவே கூட்டிப்போவாள். தார்ப்பாய் நிழலில் படுத்தபடி, சல்லடையிலிருந்து எழும் புழுதி வெயிலில் மினுங்கி மிதப்பதைப் பார்த்துக்கொண்டே நான் தூங்கிப்போவேன்.

ஒருநாள் கண்விழித்தபோது எல்லோரும் ஒரு குழியைச் சுற்றி நின்றார்கள். உள்ளே ஒரு சிறு குழந்தையின் எலும்புகள். கழுத்திருந்த இடத்தில் வளைவாக வெள்ளைச் சிப்பிகள், ஒவ்வொன்றிலும் ஒரு துளை. ஆராய்ச்சிக்குத் தலைமையாக வந்திருந்தவரை நாங்கள் மேடம் என்போம். அவர் எண்ணிப் பார்த்துப் பதினேழு என்றார். எழுத்தே வராத காலத்துப் பிள்ளையாம்.

"கடல் இங்கிருந்து எத்தனை நாள் நடை! இதை வச்சு மண்ணு தோண்ட முடியாது, பசிக்குத் திங்கவும் முடியாது. ஆனாலும் கொண்டுவந்து, துளை போட்டுக் கோத்திருக்காங்க. இது எங்க பிள்ளைன்னு சொல்ல அவங்களுக்கு இருந்த வழி இதுதான்" என்றார் மேடம்.

எனக்குக் கடல் மட்டும்தான் காதில் விழுந்தது. நான் கடலைப் பார்த்ததில்லை. கண்ணை மூடினால் சோளத்தட்டைக்கு மேல் தண்ணீர் ஏறி வந்தது, பனைமரங்களுக்கு நடுவே மீன்கள் போயின.

"ஏனுங்க மேடம், அது பொண்ணுங்களா, பையனுங்களா?" என்று அம்மா கேட்டாள். இந்த வயது எலும்பை வைத்துச் சொல்ல முடியாது என்றார் மேடம். அன்று அம்மா சோற்றுப் போசியைத் திறக்கவில்லை.

நாலைந்து நாளில் படமெடுத்து, வரைந்து, எல்லாவற்றையும் பெட்டிகளில் எடுத்துவைத்தார்கள். அன்று சாயங்காலம் மற்றவர்கள் கைகழுவப் போயிருக்க, அம்மா மட்டும் குழிக்குள் குனிந்திருந்தாள், பெட்டிகள் குழியோரத்திலேயே இருந்தன. அவள் கை மடிக்குப் போய்த் திரும்பியது. அம்மா ஒரு சிப்பியைத் திருடிவிட்டாள் என்று முடிவுகட்டினேன். வீட்டில் அவள் குளிக்கும்போது சேலையை உதறிப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. நன்றாக ஒளித்துவைத்திருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன். உண்மை பேசுவதைப் பற்றிக் கட்டுரை எழுதிப் பேனா பரிசு வாங்கியவள் நான். சும்மா இருக்க முடியவில்லை.

மறுநாள் காலையில் மேடத்திடம் போய், "எங்கம்மா ஒரு சிப்பிய எடுத்துப்போட்டாங்க மேடம்" என்று சொல்லிவிட்டேன்.

அவர் பெட்டியைத் திறந்து எண்ணினார். பதினேழும் இருந்தன. பிறகு குழிக்குள் இறங்கினார். ஒரு மூலையில் கிளறியிருந்த மண்ணுக்கடியில், ஒற்றைச் சங்குமணி கோத்த கறுப்புக் கயிறு ஒன்று கிடைத்தது. என் தம்பியின் அரைஞாண் கயிறு. பிறந்து நாற்பதாம் நாள் காய்ச்சலில் போய்விட்டவன்.

அம்மாவுக்கு வேலை போய்விடும் என்று எனக்கு அழுகை முட்டியது. அம்மா என்னைப் பார்க்கவே இல்லை.

"வெறுங்குழியா மூடறதுக்கு மனசு வரலீங்க. தப்புத்தானுங்க மேடம், எடுத்துப்போடுங்க."

குழியை மூடுமுன் அடியில் ஒரு புதுக் காசு போடுவது அவர்கள் வழக்கம். பின்னாளில் தோண்டுகிறவர்களுக்கு, முன்பே ஒருவர் தோண்டிய இடம் இது என்று தெரியவேண்டுமாம். மேடம் எடுத்துவைத்திருந்த காசைப் பைக்குள் திரும்பப் போட்டார்.

"அடையாளத்துக்கு இதுவே இருக்கட்டும்மா" என்று கயிற்றை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு, குறிப்பேட்டில் என்னவோ எழுதினார்.

தம்பியைத் துணியில் சுற்றி அப்பாவும் மாமாவும் எடுத்துப்போன அன்று, பொம்பளைங்க வரக்கூடாது என்று அம்மாவை வாசலோடு நிறுத்திவிட்டார்கள். அவனை எங்கே வைத்தார்கள் என்பதை அவள் பார்த்ததில்லை. இது எனக்கும் தெரியும். தெரிந்திருந்தும், அன்று குழியை மூடும்போது அவள் கூடையை ஒதுக்கிவிட்டு வெறுங்கையால் மூன்று முறை மண் அள்ளிப் போட்டு, எழாமல் குழியோரம் உட்கார்ந்திருந்தபோது, எல்லோரும் பார்க்கிறார்களே என்ற வெட்கத்தில் நான் அவள் முந்தானையைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தேன்.