பதினேழு மண்புழுக்கள்

எங்கள் வீட்டில் கடுகுக்குத் தட்டுப்பாடு வந்தது ஒரே ஒரு மாதம்தான். நான் ஒன்பதாம் வகுப்பில் சுற்றுச்சூழல் செயல்திட்டம் செய்த மாதம் அது. அம்மா தாளிக்க டப்பாவைத் திறந்தால் அடியில் நாலைந்து கடுகு உருளும். மற்றதெல்லாம் மிக்சியில் பொடியாகி, வாளித் தண்ணீரில் கரைந்து, அத்தாவின் (அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவோம்) திராட்சைத் தோட்டத்து மண்ணுக்குள் போயிருக்கும்.

அறிவியல் டீச்சர் அந்த வருடம்தான் எங்கள் பள்ளிக்கு வந்திருந்தார். மண்வளப் பாடத்தை வாசித்துவிட்டு அடுத்த பாடத்துக்குப் போகிற ஆள் இல்லை. வகுப்பை ஐந்து குழுவாகப் பிரித்து, குழுவுக்கு ஒரு நிலம் என்று சொல்லிவிட்டார். அங்கே ஒரு முழச் சதுரத்துக்குக் கயிறு கட்டி, கடுகுத் தண்ணீரை மெதுவாக ஊற்ற வேண்டும். எரிச்சல் தாங்காமல் மண்புழுக்கள் மேலே வரும். எண்ணிவிட்டு, நல்ல தண்ணீரில் அலசி, திரும்ப மண்ணிலேயே விட வேண்டும். இப்படி மூன்று சனிக்கிழமை, வாரம் ஒரு புது இடம். அப்புறம் கண்காட்சி, அதற்குப் பெற்றோர் எல்லாரும் வருவார்கள்.

நெல்வயல், வாழை, தென்னந்தோப்பு, பள்ளிக் குழாயடி என்று நாலு குழு எடுத்துக்கொண்டது. திராட்சைக்கு யார் என்று டீச்சர் கேட்டு முடிப்பதற்குள் நான் முந்திரிக்கொட்டை மாதிரி கையைத் தூக்கிவிட்டேன். கூடலூர் ரோட்டில் எங்களுக்கு ஒரு ஏக்கர் பன்னீர் திராட்சைப் பந்தல் இருந்தது.

அத்தாவுக்குத் தலைகால் புரியவில்லை. வெள்ளிக்கிழமை ஜும்மா தொழுகை முடிந்து டீக்கடைக்கு வந்தவர்களிடம் எல்லாம், பள்ளிக்கூடத்திலிருந்து நம் தோட்டத்தை ஆராய்ச்சி பண்ண வருகிறார்கள் என்று சொல்லியிருக்கிறார். போதாததற்கு, புதிதாக வாங்கியிருந்த செல்போனில் உத்தமபாளையத்து மாமுவையும் கூப்பிட்டுச் சொன்னார். வந்தது என்னவோ ஐந்து பெண்பிள்ளைகளும் ஒரு பிளாஸ்டிக் வாளியும்தான்.

முதல் சனிக்கிழமை கடுகுத் தண்ணீர் ஊற்றினோம். சுற்றி உட்கார்ந்து கால் மரத்துப்போகும்வரை பார்த்தோம். ஓர் எறும்பு வந்து எங்களைப் பார்த்துவிட்டுப் போனது. எங்கள் குழுத் தலைவி நேர்மைக்குப் பேர்போனவள், பரீட்சையில் ரப்பர்கூடக் கடன் தர மாட்டாள். நோட்டில் அழகாக ஒரு முட்டை போட்டாள். இரண்டாம் சனிக்கிழமை இன்னொரு முட்டை.

வாழைக்குழு முப்பத்தொன்று எண்ணியிருந்தது. குழாயடியில்கூட நாலு. அந்த நாலைக் கண்டெடுத்தவள் என்னிடம் வந்து, "ஏன்டி, உங்க தோட்டத்துக்குத் தரை சிமெண்டுல போட்டதா?" என்று கேட்டாள். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

காரணத்தை டீச்சர் யாரையும் குறை சொல்லாமல்தான் விளக்கினார். கொடியில் பூஞ்சை வராமல் இருக்க மயில்துத்தமும் சுண்ணாம்பும் கரைத்து அடிக்கிறோம். அந்தத் துத்தத்திலுள்ள செம்பு வருடக்கணக்காக மண்ணில் சேர்ந்துகொண்டே வருகிறது. அதில் மண்புழு இருக்காது என்றார். எனக்குத் துத்தம் என்றால் அத்தாவின் சட்டை. மருந்தடிக்கிற நாளில் அவர் புருவம் வரைக்கும் நீலமாகத்தான் வீட்டுக்கு வருவார். அந்த நீலத்தில்தான் நாங்கள் சோறு சாப்பிட்டோம், நான் ஸ்கூலுக்குப் போனேன். அதைப் போய் ஒருத்தர் குற்றம் சொல்வதா என்று டீச்சர் மேல் கோபமாக வந்தது. அவர் சொன்னது நிஜம் என்பதால் கோபம் கூடியதே தவிரக் குறையவில்லை.

எத்தனை புழு என்று அத்தா சாப்பாட்டு நேரத்தில் கேட்டார். டீச்சர் இப்போதைக்கு வெளியே சொல்லக் கூடாது என்றிருக்கிறார் என்று ஒரு பொய்யை எடுத்து விட்டேன். அவர் மீன் துண்டில் முள் எடுத்து என் தட்டில் வைத்தார். ஆனால் கண்காட்சியில் சார்ட்டின் கீழே தோட்டத்துக்காரர் பெயரைப் போட வேண்டும். அத்தா பெயருக்கு மேலே மூன்று முட்டை. ஜும்மா கூட்டம் மொத்தமும் வந்து அதைப் பார்க்கும்.

மூன்றாம் வாரத்துக்கான சதுரத்தை வெள்ளிக்கிழமை சாயந்திரமே கயிறு கட்டி வைத்தோம். மற்றவர்கள் போனதும் நான் வீட்டுக்கு ஓடினேன். பின்பக்கம் பாத்திரம் விளக்கும் தண்ணீர் போகிற இடத்தில் சேம்புச் செடிகள் நின்றன. அங்கே தோண்டி, ஒன்பது புழுக்களை ஈரமண்ணோடு ஒரு தூக்குச்சட்டியில் போட்டு எடுத்துப்போனேன். சதுரத்தின் ஒரு மூலையில் குழி பறித்து விட்டு மூடினேன். நல்லவேளையாகத் தூறல் போட்டது. தோட்டத்துக்குச் சோறு கொண்டுபோகும் தூக்குச்சட்டி அது. கழுவாமலே அடுப்படியில் வைத்துவிட்டு, படிக்கிற மாதிரி உட்கார்ந்துகொண்டேன்.

மறுநாள் காலை அத்தாவும் வந்து நின்றார், கூட டீக்கடைக் கூட்டாளிகள் இரண்டு பேர். குழுத் தலைவி கடுகுத் தண்ணீரை ஊற்றினாள். கொஞ்ச நேரத்தில் முதல் புழு தலையை நீட்டியது. பின்னாலேயே இன்னொன்று. தலைவி சத்தமாக எண்ண ஆரம்பித்தாள். ஏழு, எட்டு, ஒன்பது. நான் மூச்சு விட்டேன்.

"பத்து," என்றாள் அவள்.

பதினொன்று, பன்னிரண்டு என்று போய்ப் பதினேழில் நின்றது. எனக்குப் புல்லரித்துவிட்டது. ஒன்பது நான் போட்டது. அப்படியானால் எட்டு எங்கள் மண்ணில் இருந்தவை! டீச்சருக்கு ஒன்றும் தெரியாது, நம் தோட்டம் உயிரோடுதான் இருக்கிறது என்று எனக்குள் ஒரே கூத்து. அத்தா குனிந்து ரொம்ப நேரம் அந்தப் புழுக்களையே பார்த்தார். நிமிர்ந்தபோது அவர் கண் கலங்கியிருந்தது.

"மண்ணு இன்னும் சாகலம்மா," என்றார் என்னிடம். "நான் செத்துப்போச்சுன்னுல நெனச்சேன்."

புழுக்களை அலசி அவரே தன் கையால் மண்ணில் விட்டார்.

சார்ட்டில் பூஜ்யம், பூஜ்யம், பதினேழு என்று எழுதினோம். இது எப்படி என்று டீச்சர் கேட்டார். வெள்ளிக்கிழமை தூறலைக் காரணமாக எழுதினோம். அவர் என்னைப் பார்த்தார். நான் சீலிங் ஃபேனைப் பார்த்தேன். கண்காட்சியன்று அத்தா இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் வந்து, சார்ட் பக்கத்தில் கல்யாணப் பொண்ணுக்குத் தகப்பன் மாதிரி நின்று எல்லாரையும் வரவேற்றார். அம்மா பதினேழைப் படித்தாள். படித்துவிட்டு முக்காட்டை வாயில் வைத்து அழுத்திக்கொண்டு சிரித்தாள். தோள் குலுங்கக் குலுங்கச் சிரித்தாள். நான் வரைந்திருந்த புழுக்கள் இடியாப்பம் மாதிரி இருந்ததற்குத்தான் சிரிக்கிறாள் என்று எனக்கு ரோஷம் வந்துவிட்டது.

அடுத்து கொடியைக் கவாத்து வெட்டுவதற்கு முன்னால் அத்தா ஆட்டெரு இரண்டு டிராக்டர் இறக்கினார். பக்கத்துத் தோட்டத்தில் அடிக்கிறார்கள் என்பதற்காகத் தானும் மருந்து கரைக்கிற பழக்கத்தை விட்டார். வானத்தைப் பார்த்து, இலையைப் புரட்டிப் பார்த்து, தேவையென்றால் மட்டும் அடித்தார். ஒரு போகம் காய் குறைந்தது. கூட்டாளிகள் கேலி பேசினார்கள். உசுருள்ள மண்ணைக் கைவிடக் கூடாது என்று பதில் சொன்னார்.

இதெல்லாம் நடந்து ரொம்ப வருடம் ஆகிவிட்டது. இந்த முறை ஊருக்குப் போயிருந்தபோது, தோட்டத்துக்குப் போக ஒரு தூக்குச்சட்டி வேண்டும் என்று அம்மாவிடம் கேட்டேன்.

"எது, புழுச் சட்டியா?" என்றாள்.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அம்மா வெங்காயத்தை நறுக்கிக்கொண்டே சொன்னாள்.

"நீ வெள்ளிக்கிழம பொழுசாய ஒண்ணக் கொண்டு போன. உங்கத்தா மறுநா விடியமுன்ன இன்னொண்ணத் தூக்கிட்டு வாழத் தோப்புப் பக்கம் போனாக. ரெண்டு சட்டியையும் வெளக்குனது நாந்தேன்."

மிச்சத்தையும் அம்மாதான் சொன்னாள். முதல் இரண்டு வாரமும் அத்தா பந்தல் காலுக்குப் பின்னால் நின்று எங்களைப் பார்த்திருக்கிறார், என் முகத்தையும் பார்த்திருக்கிறார். எட்டு அவருடையது, ஒன்பது என்னுடையது. மண் கொடுத்தது ஒன்றுமே இல்லை. தான் போட்டது போக மிச்சம் ஒன்பதும் மண்ணுடையவை என்று நம்பித்தான் அவர் கண் கலங்கியிருக்கிறார், அந்த ஒன்பதை நம்பித்தான் அத்தனை எருவையும் கொட்டியிருக்கிறார்.

அன்று தோட்டத்தில் அத்தா மண்வெட்டியால் ஒரு கட்டியைப் புரட்டிக் காட்டினார். நாலைந்து புழு நெளிந்தது, யாரும் கொண்டுவந்து போடாத புழு. "அன்னைக்கே இருந்துச்சுல்ல," என்றார். "ஆமா அத்தா, நானும் பாத்தேன்ல," என்றேன். வீட்டுக்குத் திரும்பியதும் அம்மா என் முகத்தைப் பார்த்தாள். பிறகு சார்ட்டின் முன்னால் சிரித்த அதே சிரிப்பைச் சிரித்தாள். அது இடியாப்பப் புழுக்களுக்கான சிரிப்பு இல்லை என்று எனக்கு இப்போதுதான் புரிந்தது.